விளிம்பில்லாத சக்கரம்

அத்தியாயம் 11

போன வாரம் செல்வமணி தூக்கிப் போட்ட குண்டில் திருவனந்தபுரத்துக் கரமனை வீடு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியிலிருந்து பச்சை நிறத் தகர ரயில் ஒன்று வெளியே வந்ததும், ஐம்பத்து நாலு வருஷமாக வாயைத் திறக்காத மனிதர் திறந்துவிட்டார். அவருடைய அப்பா ஆறுமுகசாமி, பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவைப் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தவர். 1959-ல் துரை மகனின் விளையாட்டு ரயில் காணாமல் போயிற்று. பங்களாவுக்குள் போய் வருகிற ஆள் இவர்தானே என்று, ஒரு விசாரணையும் இல்லாமல் குடும்பத்தோடு மலையை விட்டு இறக்கிவிட்டார்கள்.

“எங்கப்பா எடுக்கல” என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றவர் செல்வமணி. 1971-ல் அப்பா இறந்து காரியம் முடிந்த அன்று பெட்டியைத் திறந்தார். பழைய வேட்டிக்குள் சுற்றிய ரயில் இருந்தது. அன்றோடு அப்பா என்ற பேச்சை விட்டார். ஊரே ஆடி அமாவாசைக்கு, கர்க்கடக வாவு என்று ஆற்றங்கரைக்கு ஓடும்போது இவர் மட்டும் ஓட்டல் அடுப்பங்கரையை விட்டு நகர்ந்ததில்லை.

இந்த வருஷம் அப்பாவுக்கு எள்ளும் சோறும் வைத்துப் பலியிடப் போகிறாராம். ஒரே ஒரு தடவை. இட்டு முடித்த கையோடு அந்த ரயிலைத் திருவல்லத்தில் ஆற்றில் வீசிவிட்டு எல்லாவற்றையும் தலைமுழுகிவிடப் போகிறாராம்.

மகள் பொன்செல்விக்குத்தான் பொறுக்கவில்லை. அவள் கே.எஸ்.ஆர்.டி.சி.யில் பத்தொன்பது வருஷமாகக் கண்டக்டர். டிக்கெட் எடுத்தேன், காணோம் என்கிறவனைக்கூட, கீழே பார், சட்டைப் பையைப் பார் என்று இரண்டு ஸ்டாப் தேட விடுகிறவள். தாத்தாவை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனால் விசாரிக்காமல் ஒரு மனிதனைத் திருடன் என்று முடிவுகட்டி ஆற்றில் கரைப்பது என்ன நியாயம்?

நாளைக்கு வாவு. இன்றைக்கு ஒரிக்கல். ஒரு வேளைதான் சாப்பாடு, அதிலும் வெங்காயம் பூண்டு கிடையாது. நாற்பது வருஷம் ஓட்டலில் சமையல் பார்த்த செல்வமணி, விரதத்தையும் ஓட்டல் மாதிரியே நடத்தினார். நேரம் தவறக்கூடாது, வெட்டிப் பேச்சு கூடாது.

காலை ஏழரைக்குப் பொன்செல்வியின் தம்பி பிரவின்ராஜ் வந்து சேர்ந்தான். பழவங்காடியில் ஓட்டல் கல்லாவில் உட்காருகிறவன். கையில் ஒரு அட்டைப்பெட்டியும் டேப்பும் இருந்தன.

“இதுல வச்சு ஒட்டிரலாம். காலையில வண்டியில கொண்டுபோக சௌகரியமா இருக்கும். அங்க கூட்டம் தாங்காது.”

“எதை வச்சு?” என்றாள் பொன்செல்வி.

“எதைன்னு உனக்குத் தெரியாதாக்கா?”

“தெரியும். தரமாட்டேன்.”

“அக்கா, அப்பா இத்தனை வருஷத்துக்குப் பொறவு பலியிட ஒத்துக்கிட்டதே பெருசு. அதுல மண்ணள்ளிப் போடாத. ஒரு தகர டப்பா. ஆத்துல போட்டா தீந்து. அப்பாவுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.”

“தாத்தாவுக்கு?”

பிரவின்ராஜ் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த செல்வமணி திரும்பிப் பார்க்கவேயில்லை.

பொன்செல்வி அவர் முன்னால் போய் நின்றாள். “அப்பா, இது துரை வீட்டு ரயில்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பெட்டியில இருந்துச்சே மக்ளே.”

“பெட்டியில இருந்தா துரை வீட்டுதுன்னு ஆயிருமா? துரை வீட்டு ரயிலை நீங்க கண்ணால கண்டிருக்கீங்களா?”

“ஜன்னல் வழியா ரெண்டு மட்டம் பாத்தேன். பச்சை இன்ஜின். சாவி குடுத்தா நாற்காலிக் காலைச் சுத்திச் சுத்தி ஓடும்.”

“பச்சையா ஒரு இன்ஜினைத்தான் உலகத்துல செஞ்சானா?”

“வேண்டாம்ட்டி. விடு.”

“விடமாட்டேன். இன்னிக்கு லீவு போட்டாச்சு. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் தாங்க. இது எந்த ரயில்னு கண்டுபிடிச்சுட்டு வாறேன். முடியலைன்னா நானே என் கையால ஆத்துல போடுறேன். மதியா? அது போதும்லா?”

செல்வமணி மகளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

“ஆறுன்னா ஆறு” என்றார்.

பொன்செல்வி ரயிலைத் துண்டில் சுற்றி, டிக்கெட் மிஷின் வைக்கிற தோள்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போனது இரண்டு தெரு தள்ளி இருந்த அக்ரஹாரத்துக்கு. அங்கே சாம்பசிவன் என்று ஒருவர். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் மனிதர் நடக்க ஒரு முழம்தான் விட்டிருந்தார். மீதி இடமெல்லாம் குட்டித் தண்டவாளம். பழைய விளையாட்டு ரயில்களைச் சேர்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். பொன்செல்வியின் பஸ்ஸில் வழக்கமாக வருகிறவர்.

“வாங்கோ, கண்டக்டரம்மா! இன்னிக்கு பஸ்ஸை விட்டுட்டு ரயில் கொண்டுவந்துட்டேளா?” என்று கேலி செய்தவர், துண்டைப் பிரித்ததும் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

ஒரு இன்ஜின், கரி போடுகிற பெட்டி ஒன்று, பயணிகள் பெட்டி இரண்டு. அவ்வளவுதான். ஜன்னலில் தொப்பி வைத்த ஆள்களின் முகங்கள் வரிசையாக இருந்தன.

“இது பிரஷ்ஷால அடிச்ச பெயிண்ட் இல்லே, பாத்தேளா? தகரத்துலயே படத்தை அச்சடிச்சிருக்கான். அப்புறம் வெட்டி, மடக்கி, இந்த நாக்கை ஓட்டைக்குள்ள விட்டு வளைச்சுட்டான். ஆணி கிடையாது, பத்தவைப்பு கிடையாது.”

“எந்த ஊரு சார்?”

“ஜெர்மனின்னு தோணறது. கம்பெனி முத்திரை முக்காவாசி தேஞ்சுபோச்சு. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லப்படாது.”

“எனக்குக் கம்பெனி பேர் வேண்டாம் சார். 1959-ல ஒரு பங்களாவுல காணாமப் போன ரயில் இதுதானா, இல்லையா? அது தெரிஞ்சா மதி.”

சாம்பசிவன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மேலே கேட்கவில்லை. இன்ஜினைத் தூக்கித் தன் தண்டவாளத்தின் மேல் வைத்தார். நேராக நின்றது. விரலால் லேசாகத் தள்ளினார். வளைவு வரைக்கும் போய், வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது.

இன்னொரு தடவை தள்ளினார். மறுபடியும் அப்படியே.

“அட!” என்று இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பினார். “இங்கே பாருங்கோ, சக்கரம் மொழுமொழுன்னு இருக்கு. தண்டவாளத்துல ஓடற சக்கரத்துக்கு உள்பக்கமா ஒரு விளிம்பு இருக்கும். அதுதான் வண்டியைக் கம்பி மேல பிடிச்சு நிறுத்தும். இதுக்கு விளிம்பே இல்லே. இது தரையில ஓடறதுக்குன்னே செஞ்ச ரயில். சாவி கொடுத்து விட்டா நேரே போய் எங்கேயாவது முட்டிண்டு நிக்கும்.”

பொன்செல்வி இன்ஜினை வாங்கிச் சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். உடனே போனை எடுத்தாள். எதற்கு என்று சொல்லாமல் கேட்கவேண்டும். சொல்லிக் கேட்டால் அப்பா அவளுக்காக எதையாவது சேர்த்துச் சொன்னாலும் சொல்வார்.

“அப்பா, துரை வீட்டு ரயிலு எதுல ஓடிச்சு?”

“எதுலன்னா?”

“தரையிலயா, தண்டவாளத்துலயா?”

“தண்டவாளத்துலதான். வட்டமா பூட்டி வச்சிருப்பான் அந்தப் பய. எனக்கு ரயிலைவிட அந்தத் தண்டவாளம்தான் ஆசை. ஏன் கேக்க?”

“ஒண்ணுமில்லப்பா. வச்சிருதேன்.”

போனை வைத்துவிட்டு ஓவென்று கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. பாங்க் மேனேஜர் வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டாள். தாத்தா எடுக்கவில்லை! இந்த ரயில் அந்த ரயிலே இல்லை!

சந்தோஷம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. சாம்பசிவன் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, கரிப் பெட்டியின் அடிப்பக்கத்து அழுக்கைப் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். முத்திரை ஏதாவது தெரியுமா என்ற ஆசை. முத்திரை தெரியவில்லை. எழுத்து தெரிந்தது. உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய தமிழ் எழுத்து.

*பா. முத்தாரம்மாள் 3-2-56.*

“உங்காத்துல இந்தப் பேர்ல யாராவது உண்டோ?”

“இல்லையே. எங்க பாட்டி பேர் பார்வதியம்மாள்.”

சாம்பசிவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி ஜெயலக்ஷ்மி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்கோ, எங்கப்பா பேர். எங்காத்துல அத்தனை பாத்திரத்துலயும் வெட்டியிருக்கும். தெருவுல ஒரு கல்யாணம்னா பாத்திரம் இரவல் போகும். பேர் இருந்தாத்தானே திரும்பி வரும்? பேர் இருக்கறவாளோட சொத்துன்னு அர்த்தம். இது துரையோடது இல்லே. சத்தியமா இல்லே. ஆனா...”

“எங்க தாத்தாவோடதும் இல்லைங்கறீங்க.”

“நான் சொல்லலே. பேர் சொல்றது.”

நல்ல மனிதர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பொன்செல்வி ரயிலை மறுபடி துண்டில் சுற்றினாள். துரை வீட்டில் எடுக்கவில்லை என்று நிரூபிக்கப்போய், முத்தாரம்மாள் என்கிற யாரோ ஒரு பாவப்பட்ட பெண்ணிடம் எடுத்தார் என்று ஆகிவிட்டதே! இதற்கு அப்பா சொன்னபடி ஆற்றில் போட்டிருந்தாலே மரியாதையாகப் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து சோறு பொங்கினாள். பச்சரிச் சோறு, மோர்க்குழம்பு, பயறுத் தோரன். செல்வமணி ஒரு மணிக்குச் சாப்பிட்டு எழுந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்தே பாதியைத் தெரிந்துகொண்டவர் மாதிரிப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

சோறு வடித்த குண்டானைத் தேய்க்க உட்கார்ந்தாள் பொன்செல்வி. அவள் கல்யாணத்துக்கு வந்த குண்டான். தேய்க்கத் தேய்க்கக் கழுத்துப் பக்கத்து எழுத்து பளிச்சென்று வந்தது. தினமும் பார்க்கிற எழுத்துதான். இன்றைக்கு அதைப் பார்த்து அவள் கை நின்றுவிட்டது.

*ப. இசக்கிமுத்து 9-9-2001.*

இசக்கிமுத்து அவள் சித்தப்பா, அம்மாவின் தங்கை புருஷன். ஒன்பது ஒன்பது இரண்டாயிரத்தொன்று அவளுடைய கல்யாணத் தேதி.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அக்ரஹாரத்தில் பாத்திரத்தில் இருப்பது வைத்திருக்கிறவர் பெயர். அவள் வீட்டு வழக்கம் அதுவா? விசேஷத்துக்குச் சீர் கொண்டுவருகிறவர் தன் பெயரையும் விசேஷத் தேதியையும் வெட்டித்தான் கொண்டுவருவார். யார் செய்த சீர் என்று காலத்துக்கும் தெரியவேண்டுமே! சித்தப்பா பெயர் போட்ட குண்டானில் வடித்து, அத்தை பெயர் போட்ட கிண்ணத்தில் குழம்பு ஊற்றி, மாமா பெயர் போட்ட செம்பில் தண்ணீர் குடிக்கிற வீடு இது. ஒருநாளும் ஒருவரும் அவளைக் களவாணி என்று சொன்னதில்லை. படித்த மனிதர் ஒருவர் தன் வீட்டு வழக்கத்தைச் சொன்னதும் இவளுடைய வீட்டு வழக்கம் இவளுக்கே மறந்துபோயிற்றே!

முத்தாரம்மாள் பறிகொடுத்தவள் இல்லை. கொடுத்தவள்.

சரி, எந்த விசேஷத்துக்குக் கொடுத்தாள்? 1956-ல் தை மாதம். அப்பாவுக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது. அப்பாவை எழுப்பிக் கேட்டுவிடலாம். ஆனால் அவள் கண்டக்டர் புத்தி அதற்கு ஒப்பவில்லை. வாய்ச்சொல்லை நம்பித்தானே தாத்தாவை மலையிலிருந்து இறக்கினார்கள்? கையில் சீட்டு மாதிரி ஒன்று வேண்டும்.

ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினாள். பாட்டி காலத்துப் பித்தளை, வெண்கலமெல்லாம் ஒரு சாக்கில் கட்டிக் கிடந்தது. எல்லாம் கறுத்து, எது எழுத்து, எது நெளிவு என்றே தெரியவில்லை. இறக்கிக் கொல்லையில் பரப்பினாள். புளியைக் கரைத்தாள். ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

ஒரு அண்டாவில் 1948. பாட்டி கல்யாணமாக இருக்கும். ஒரு தூக்குச்சட்டியில் பெயர் மட்டும், தேதி இல்லை. ஒரு போணியில் ஒன்றுமே இல்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தேய்த்தாள். மணி நாலு. நாலரை. ஐந்து.

ஐந்தேகாலுக்கு வந்த பிரவின்ராஜ், முழங்கை வரை கரியாக உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துப் பதறிப்போனான். “எக்கா, என்ன கோலம் இது? ஆறு மணின்னு அப்பா சொன்னது நெனப்பிருக்கா?”

“இருக்கு. மூணு பாத்திரம் பாக்கி. நின்னு பேசாம ஒண்ணை எடுத்துத் தேயி.”

“எதுக்குன்னு சொல்லு.”

“மூணு ரெண்டு அம்பத்தாறுன்னு தேதி இருக்கான்னு பாரு. இருந்தா தாத்தா திருடன் இல்ல.”

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியாகக் கையில் அகப்பட்டது ஒரு சின்ன வெண்கலக் கும்பா. அவன்தான் தேய்த்தான். அவன்தான் முதலில் பார்த்தான்.

“அக்கா... மா. செல்லையா. மூணு, ரெண்டு, அம்பத்தாறு.”

அதே தேதி. அதே புள்ளி எழுத்து. பொன்செல்வி வாங்கிப் பார்த்துவிட்டு, புளிக்கையோடு தம்பியின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

மணி ஆறு அடிக்கும்போது செல்வமணி வாசல் நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். அட்டைப்பெட்டி காலடியில் இருந்தது. பொன்செல்வி கும்பாவை அவர் மடியில் வைத்தாள்.

“இது எப்ப வந்ததுப்பா?”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. “எங்க செல்லையா மாமா! எனக்குக் காது குத்தினப்போ வச்ச சீரு. பொன்முடியில நாங்க குடியிருந்த லயத்துல அம்மன் கோயில் முன்னால மாமா மடியில வச்சுத்தான் குத்தினாங்க. நான் போட்ட கூப்பாட்டுல, இந்தக் கும்பாவுல இருந்த சீனி முட்டாயி எல்லாத்தையும் எனக்கே தந்துட்டாரு.”

“தேதியைப் படிங்க.”

படித்தார்.

“இப்ப இதைப் படிங்க.” கரிப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தாள்.

அவர் படித்தார். மறுபடியும் கும்பாவைப் படித்தார். மறுபடியும் ரயிலை. உதடு மட்டும் அசைந்தது.

“துரை வீட்டு ரயிலு தண்டவாளத்துல ஓடிச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. இது தண்டவாளத்துல நிக்காதுப்பா, வளைவுல இறங்கி ஓடிரும். நான் பாத்துட்டு வந்தேன். இது உங்களோடது. உங்க காதுகுத்துக்கு வந்த சீரு. சின்னப் பய ஒடச்சுப்போடுவான்னு தாத்தா பெட்டியில எடுத்து வச்சிருக்காரு. மூணு வருஷத்துல அந்த வீட்டு ரயிலு காணாமப் போச்சு. அதுக்குப் பொறவு இதை எப்படி வெளிய எடுப்பாரு? எடுத்துக் காட்டினா யாரு நம்புவா?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?”

செல்வமணி தன் கேள்விக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

“நானும் நம்பியிருக்க மாட்டேன். நம்பலையே.” குரல் உடைந்துவிட்டது. “ஊருக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டேன் மக்ளே. யாருன்னு தெரியாதவன் பசின்னு வந்து நின்னாக்கூட இலை போட்டேன். பெத்த அப்பனை அம்பத்து நாலு வருஷம் பட்டினி போட்டுட்டேனே!”

எழுபத்தைந்து வயது மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுததை அவர் பிள்ளைகள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். பிரவின்ராஜ் அட்டைப்பெட்டியை எடுத்துக் காலால் மிதித்துத் தட்டையாக்கிக் கொல்லைப்புறம் கொண்டுபோனான்.

மறுநாள் திருவல்லத்தில் விடிகிற நேரத்துக்கும் மழை விடவில்லை. ஆற்றங்கரை முழுக்க ஈர வேட்டிகள். மைக்கில் ஒருவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் சோறும் எடுத்தார்கள். செல்வமணிக்குப் பின்னால் பொன்செல்வி குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் மைக்குக்காரர் வேகத்துக்கு அவசரப்படவில்லை. சோற்றை அழுத்தி, விரிசல் இல்லாமல் பெரிய உருண்டையாகப் பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் எழுந்து போன பிறகும், அப்பா, அப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே நீர் வார்த்தார். மகளுக்கு மனசு நிறைந்திருந்தது.

எழுந்திருப்பார் என்று பார்த்தால் எழவில்லை. இலையில் மிச்சமிருந்த சோற்றை வழித்துச் சேர்த்து, இன்னொரு சின்ன உருண்டை பிடித்தார்.

“இது யாருக்குப்பா?”

“அந்த முத்தாரம்மாளுக்கு. எங்க சொந்தத்துல அப்படி ஒரு பேரு கெடையாது. அன்னிக்கு மாமாவைத் தவிர வந்தது எல்லாம் தோட்டத்துல வேலை பாத்தவங்கதான். கூலி வேலை செய்யிற லயத்துல, யாரு பெத்த பிள்ளைக்கோ சீமை ரயிலு கொண்டுவந்து சீரு வச்சிருக்கா. அவளுக்கு ஒரு பிடி நான் இடாட்டா யாரு இடுவா?”

கையை நீட்டிவிட்டார். பொன்செல்வி சட்டென்று குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அப்பா, நில்லுங்க. உசிரோட இருக்கவங்களுக்கு இடக்கூடாது அல்லே?”

“என்ன சொல்லுத?”

“அம்பத்தாறுல அவங்களுக்குப் பதினெட்டு வயசுன்னு வைங்க. இப்ப எம்பத்தேழு.”

செல்வமணியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. மழைத்துளி விழுந்து உருண்டையிலிருந்து ஒரு பருக்கை உதிர்ந்தது. மெதுவாகக் கையை இழுத்து, சோற்றைத் திரும்ப இலையிலேயே வைத்தார். இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத ஒரு பெண்ணுக்கு முன்னால் எப்படி எழுந்து போவது என்று தெரியாதவர் போல அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு எனக்குப் பொன்முடி டூட்டி” என்றாள் பொன்செல்வி. “லயத்துல யாராவது பழைய ஆளு இருப்பாங்க. விசாரிக்காம வரமாட்டேன்.”

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “எத்தனை மணிக்கு வண்டி?”

“அஞ்சரை. ஏன்?”

அறுபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிய மலை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

“எனக்கும் ஒரு டிக்கெட் போடு” என்றார் செல்வமணி.